மற்றவர்களின் பெட்டியோடு ஊருக்கு வந்த மக்கீன்

சாய்ந்தமருது மக்கீனின் வாயில் ஒரு குறை இருந்தது. முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்திலும் "ஏலா" என்ற சொல் அதிலிருந்து வராது. டொக்டரிடம் காட்டுகிற குறை இல்லை என்பதால் அவரும் காட்டவில்லை. மற்றவர்களுக்கு மிகவும் வசதியான நோயாக இருந்ததால் குணமாக்கவும் யாரும் மெனக்கெடவில்லை.

கட்டாரில் ஒரு பெரிய கடையின் களஞ்சிய அறையில் பெட்டி அடுக்குவது அவருக்குத் தொழில். பதினேழு வருஷமாக அடுக்கினார். வேலை நாளில் கடைக்காரனின் பெட்டி. லீவில் ஊருக்கு வரும்போது கூடத் தங்குகிற அறைக்காரர்களின் பெட்டி. ஓய்வு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

டோஹாவில் அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. சுவரில் ஒட்டப்படாத, யாரும் மீறாத சட்டம். ஊருக்குப் போகிறவன் எல்லாருடைய பார்சலையும் கொண்டுபோக வேண்டும். நிந்தவூர்க்காரன் ஒன்று தருவான், அக்கரைப்பற்றுக்காரன் ஒன்று தருவான், மருதமுனை றிஸ்மி இரண்டு தருவான். தரும்போது எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "சின்னப் பார்சல்தான் மச்சான்." அந்தச் சின்னப் பார்சல்களில் ஒன்று கம்பளிப் போர்வையாக இருக்கும். புலிப்படம் போட்டது, இரண்டு பேர் சேர்ந்து மடித்தாலும் மடியாதது. வெயிலில் தார் ரோட்டே உருகுகிற நம்முடைய கரையோரத்தில் கம்பளி போர்த்தித் தூங்குகிற ஆள் யார் என்று மக்கீன் ஒரு நாளும் கேட்டதில்லை. "ஓம் தாங்க" என்று வாங்கி, தன்னுடைய சாரனையும் சட்டையையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போர்வையை உள்ளே வைப்பார்.

இந்த முறை அவர் வருவதற்குக் காரணம் வேறு. இளைய மகள் றிஸ்னாவுக்குக் கலியாணம். நிக்காஹ் நேரத்தில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்து, என் மகளை உனக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் மக்கீன் இருக்க வேண்டும். அவ்வளவுதான். உலகத்தில் வேறு எவனுக்கும் இது ஒரு பெரிய விடயம் இல்லை. மக்கீனுக்கு இருந்தது.

ஏனென்றால் மூத்தவள் அப்னாவின் நிக்காஹ்வை அவர் போனில் நடத்தினார். அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மனைவியின் பெரிய மாமாவுக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறேன் என்று உரத்துச் சொன்னார். அந்தப் பக்கத்தில் யாரோ "சரி, கேட்டிட்டு" என்றார்கள். போன் நின்றது. பிறகு ஒரு லொறி தக்காளி டின் வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் அன்று மத்தியானம் அதைத்தான் இறக்கினார்.

"றிஸ்னாட கலியாணத்துக்கு நான் வந்துதான் கையப் புடிப்பன்" என்று மனைவி சுல்பிகாவிடம் சொல்லியிருந்தார். கடை மேலாளர் லீவைத் தள்ளித் தள்ளிப் போட்டார். தள்ளும் ஒவ்வொரு முறையும் மக்கீன் தலையாட்டினார். ஆட்டி ஆட்டிக் கடைசியில் கிடைத்த விமானம், கலியாணத்து அன்று விடியற்காலைதான் கட்டுநாயக்கவில் இறங்கும். நிக்காஹ் அன்றே, பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு. விமான நிலையத்திலிருந்து சாய்ந்தமருதுக்கு வேனில் வர ஏறக்குறைய ஒரு பகல் போய்விடும். இறங்கினதும் நேரே வேனில் ஏறினால் சரியாக வரும் என்று எல்லாரும் கணக்குப் போட்டார்கள். மக்கீன் நடுவில் இருக்கிறார் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துபோனார்கள்.

விமானம் தரையைத் தொட்டதும் நம்முடைய ஆட்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். விமானம் இன்னும் பஸ் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பணிப்பெண் இருக்கச் சொல்லிக் கெஞ்சினாள். இருந்தால் இலங்கை எங்கேயாவது போய்விடும் என்று பயந்தவர்கள் போல யாரும் இருக்கவில்லை. மக்கீன் மட்டும் இருந்தார். இருக்கச் சொன்னார்கள் அல்லவா? அதனால் எல்லாருக்கும் பிறகு இறங்கினார். இறங்கும் வழியில் மூன்று பேரின் பையை மேலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

குடிவரவு வரிசை பாம்பு போல வளைந்து கிடந்தது. அவர் நின்ற வரிசைதான் நகரவில்லை. முன்னால் ஒரு குடும்பம் அண்ணன் முறை வைத்து, "காக்கா, எங்கட ஆள் ஒராள் பின்னால வாறார், கொஞ்சம் விடுங்களன்" என்றது. விட்டார். அந்த ஒராள் ஐந்து பேராக வந்தார்.

அவருடைய முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தார், மக்கீனைப் பார்த்தார், மறுபடியும் கடவுச்சீட்டைப் பார்த்தார். படத்தில் கறுப்புத் தாடி. கண்ணாடிக்கு வெளியே நிற்பது தோடம்பழம் போலச் செம்மஞ்சள் நிறத் தாடி. கலியாணத்து வாப்பா அழகாகப் போக வேண்டும் என்று அறைக்காரர்கள் முந்திய நாள் மருதாணி பூசிவிட்டிருந்தார்கள். கொஞ்சமாகப் பூசச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டால் அவர் மக்கீன் இல்லை.

"மே ஒயாத?" இது நீங்களா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

மக்கீனுக்குச் சிங்களம் தெரியும். கல்முனைச் சந்தையில் அம்பாறை ஆட்களோடு வியாபாரம் பேசிய சிங்களம். ஆனால் பதினேழு வருஷம் வாய்க்குள்ளே வேறு மொழிகள் குடியிருந்தபடியால் அது எங்கேயோ மூலைக்குப் போய்விட்டது. "ஐவா, ஐவா" என்று அரபியில் ஓம் போட்டார். அதிகாரி முறைத்தார். பயத்தில் "அச்சா" என்று இந்தியில் ஒன்று போட்டார். கடைசியில், கலியாணம் என்று சொல்லத் தெரியாமல், தாடியைத் தொட்டுக் காட்டி வெட்கத்தோடு சிரித்தார். அதிகாரிக்கு என்ன விளங்கியதோ, அவரும் சிரித்து முத்திரையைக் குத்தினார். அன்று முழுவதும் மக்கீனுக்கு மறுகேள்வி இல்லாமல் கிடைத்த ஒரே சலுகை அதுதான்.

வெளியே போகும் வழியில் வரியில்லாக் கடைகள். வெளிநாட்டில் உழைத்துத் திரும்புகிறவன் வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே பிடித்துக்கொள்கிற இடம். மனைவியின் தம்பி றமீஸ் போனில் குரல் அனுப்பியிருந்தான்: "மச்சான், உங்கட பாஸ்போட்ல எனக்கு ஒரு வொஷிங் மெஷின் எடுங்களன். நேரம் ஒண்டும் போகா." நேரம் ஒன்றும் போகவில்லை. அங்கேயே நின்றது. மேலே மூடி திறக்கிறதா, முன்னால் மூடி திறக்கிறதா என்று றமீஸிடம் கேட்க அவர் போன் எடுத்தார். றமீஸ் வெளியே வேனில் தூங்கிக்கொண்டிருந்தான். மச்சானை வரவேற்க இரவு முழுவதும் ஓடி வந்தவன் எப்படி முழித்திருப்பான்? விற்கிற பெடியன் நிறத்தையும் கேட்டான். தன் வீட்டுச் சுவருக்கு நிறம் தெரிவு செய்யாத மனிதர், றமீஸின் வீட்டு மெஷினுக்கு நிறம் தெரிவு செய்துகொண்டு நின்றார்.

பெட்டி வரும் பெல்ட்டில் அவருடைய பெட்டிகள் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நீலக் கயிறு போட்டு வரிந்து கட்டி, நாலு பக்கமும் பெயரும் ஊரும் எழுதி, திருடனுக்குக்கூட முகவரி தேடும் சிரமம் வைக்காத பெட்டிகள்.

தள்ளுவண்டியோடு சுங்கத்துக்கு வந்தபோது அங்கே நின்ற இளம் அதிகாரி அவரை நிறுத்தினான். சட்டையில் பெயர் இருந்தது: பவிதரன்.

"காக்கா, எவடம்?"

அந்த "எவடம்" காதில் விழுந்ததும் மக்கீனுக்கு உயிர் வந்தது. நம்முடைய கரைத் தமிழ். "சாய்ந்தமருது. தம்பி?"

"தம்பிலுவில்."

"அட, நம்மட ஆள்!" என்றார் மக்கீன். இனி எல்லாம் முடிந்தது, தேத்தண்ணி ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தார்.

பவிதரன் இரண்டு பக்கமும் பார்த்தான். கூட வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரனை விட்டுவிட்டான் என்று பெயர் வாங்க அவனுக்கு விருப்பம் இல்லை. "பெட்டியத் திறங்க காக்கா" என்றான். வேற்றூர்க்காரனாக இருந்தால் ஒரு பெட்டியோடு விட்டிருப்பான். நம்மட ஆள் என்றபடியால் எல்லாப் பெட்டியையும் திறக்கச் சொன்னான்.

"இது நீங்கதானா கட்டின?"

"ஓம். கட்டினது நான்தான்."

"உள்ளுக்கு என்ன இரிக்கு?"

மக்கீன் யோசித்தார். பதினேழு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "அது தெரியா தம்பி" என்றார். பவிதரன் பேனையைக் கீழே வைத்தான்.

புலிப் போர்வை வெளியே வந்தது. பழச்சாற்றுத் தூள், தைலம், யாரோ ஒரு மாமிக்கு முட்டுக்காலில் போடும் பட்டி எல்லாம் வந்தன. ஒரு பொம்மை வந்தது. அது நிந்தவூர்க்காரனின் மகளுக்கு. எடுத்த கை எங்கே அமுக்கியதோ, பொம்மை அரபியில் பாடத் தொடங்கியது. பவிதரன் அதைத் திருப்பினான், தட்டினான், குப்புறப் போட்டான். குப்புறக் கிடந்தும் பாடியது. விசாரணை முழுவதும் அது பாடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு பால்மா டின். பவிதரன் கையில் எடுத்துப் பாரம் பார்த்தான்.

"இது ஆருக்கு?"

"றிஸ்மிட புள்ளைக்கி."

"புள்ளைக்கு எத்தின வயசு?"

மக்கீன் விரல் விட்டு எண்ணத் தொடங்கி நிறுத்தினார். "தம்பி, றிஸ்மி இன்னும் கலியாணம் முடிக்கல்ல."

பொம்மை மட்டும் பாடியது. பக்கத்து மேசையில் நின்ற அதிகாரி சிரிப்பை அடக்கக் குனிந்து காலணி நாடாவைக் கட்டினார். அவருடைய காலணியில் நாடா இல்லை.

"இது தெரிஞ்சுமா காக்கா வாங்கின நீங்க?"

"தரக்குள்ள யோசிக்கல்ல தம்பி. புள்ளைக்கி எண்டான். புள்ளைக்கி எண்டா எப்பிடி இல்லையெண்டு செல்ற?"

டின்னைத் திறந்தார்கள். பால்மா இல்லை. காலுறைக்குள் சுற்றிச் சுற்றிப் புதிய கைத்தொலைபேசிகள். றிஸ்மியின் காக்கா மருதமுனையில் போன் கடை வைத்திருந்தார் என்பது அப்போதுதான் மக்கீனுக்கு நினைவு வந்தது. நினைவுக்கும் அவருக்கும் எப்போதும் ஒரு பஸ் இடைவெளி.

பவிதரன் குரலைத் தாழ்த்தினான். "காக்கா, இது உங்கட இல்ல எண்டு எனக்கு விளங்குது. ஆனா நீங்கதான் கொண்டு வந்த. ரெண்டு வழி இரிக்கு. எங்கட பெரியவர் வந்து பாத்து, வரி போடுவார். அதுவரைக்கும் நீங்க நிக்கணும். அவர் எப்ப வருவார் எண்டு செல்ல ஏலா. இல்லாட்டி இதை இங்க விட்டுட்டுப் போங்க. துண்டு எழுதித் தாறன். உரியவர் வந்து கதைச்சுக்கொள்ளட்டும்."

மற்றவன் என்றால் இரண்டாவது வழியில் ஓடியிருப்பான். மக்கீன் நின்றார். கொடுத்த பார்சலைச் சேர்ப்பிக்காமல் ஊருக்குப் போன ஆள் அந்த அறையில் ஒருவரும் இல்லை. அவர் றிஸ்மிக்குப் போன் எடுத்தார்.

"அல்லாஹ்வே!" என்றான் றிஸ்மி. டோஹாவில் கட்டிலில் படுத்துக்கொண்டே பதறினான். "காக்கா, விட்டுட்டுப் போயிடாதீங்க. நில்லுங்க. கொஞ்ச நேரம்தானே. என்ட முகத்துக்காக நில்லுங்க."

"ஓம், ஓம்" என்றார் மக்கீன். பழக்கம்.

நீளமான வாங்கு ஒன்றில் உட்கார்ந்தார். பெரியவர் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் வெயில் ஏறியது. புதிதாக வந்த விமானத்து ஆட்கள் அவரைக் கடந்து போனார்கள். பிறகு இன்னொரு விமானத்து ஆட்கள். பவிதரன் பொம்மையை மறுபடியும் பெட்டிக்குள் வைக்கும்போதுதான் கேட்டான்: "ஏன் காக்கா, ஊருக்குப் போற அவசரம் ஒண்டும் இல்லையா?"

"இண்டைக்கு மகள்ர கலியாணம்."

"என்ன? இண்டைக்கா?"

"ஓம். அஸருக்குப் புறகு நிக்காஹ். நான்தான் கையப் புடிச்சிக் குடுக்கணும்."

பவிதரன் அவரைப் பார்த்த பார்வையில் சுங்கம் இல்லை, சட்டம் இல்லை. தம்பிலுவிலில் இருக்கிற ஒரு பெடியன்தான் இருந்தான். "உங்களுக்குப் பைத்தியமா காக்கா? சாய்ந்தமருதுல கலியாணத்த வெச்சிட்டு, இவடத்துல ஆர்ரயோ போனுக்குக் காவல் இரிக்கீங்க?"

மக்கீனுக்கு உறைத்தது. ஏச்சு வாங்கினால்தான் அவருக்கு உறைக்கும். போனை எடுத்தார். "றிஸ்மி, நான் போறன். போன் இவடத்துல இரிக்கும். நீ ஆள அனுப்பு."

"காக்கா, கொஞ்சம்..."

"ஏலா, றிஸ்மி."

சொல்லிவிட்டுத் தன் வாயையே தொட்டுப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. பவிதரன் துண்டை எழுதி நீட்டினான். மற்றப் பெட்டிகளைக் கட்டக் கயிற்றின் ஒரு நுனியைத் தானே பிடித்தான். "ஓடுங்க" என்றான்.

வேனை றமீஸ் ஓட்டினான். அவனுக்குப் பக்கத்து இருக்கையில் பார்சல் பெட்டிகள். பின்னால் வொஷிங் மெஷின் ராஜா மாதிரி ஏறி இருந்தது. அதன் பக்கத்தில் இருந்த இடத்தில் மணமகளின் தகப்பன் முழங்காலை நாடிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்தார். றமீஸ் பாதி வழி வரைக்கும், மேலே மூடி திறக்கிறதைத்தான் தான் கேட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

மகியங்கனை தாண்டும்போது அஸர் ஆகிவிட்டது. போன் அடித்தது. சுல்பிகா.

"எவடத்துல வாறீங்க? மாப்பிள்ள வந்திட்டார். பதிவுகாரர் வந்திட்டார். அவருக்கு மருதமுனைல இன்னொரு கலியாணம் இரிக்காம். பெரிய மாமா கதைக்கணுமாம்."

பெரிய மாமா போனை வாங்கினார். நல்ல மனிதர். எந்தக் கலியாணத்திலும் வேகமாகச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர வழி தெரிந்தவர். "மக்கீன், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. அப்னாக்குச் செஞ்ச மாதிரித்தான். எனக்கு அனுமதி தந்திரிக்கன் எண்டு செல்லுங்க. நான் கையப் புடிக்கன். மார்க்கத்துல அதுக்கு இடமிரிக்கி."

மக்கீன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பதுளைப் பக்கத்து மலைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. முன்னால் ஒரு மாட்டு மந்தை ரோட்டைக் கடந்தது, கடைசி மாடு நடுவில் நின்று யோசித்தது. றமீஸ் திரும்பி, "செல்லுங்க மச்சான், ஒரு சொல்லுத்தானே" என்றான்.

"இடமிரிக்கி மாமா. எனக்குத் தெரியும்" என்றார் மக்கீன். "ஆனா நான் வராம நடத்த ஏலா."

அந்தப் பக்கத்தில் பாட்டுப் பெட்டியைக்கூட யாரோ நிறுத்தினார்கள். "ஆர் கதைக்கிற? மக்கீனா?" என்று பெரிய மாமா கேட்டார். அடையாள அட்டை காட்டச் சொல்லாதது ஒன்றுதான் குறை.

"நான்தான் மாமா. பதிவுகாரரை மருதமுனைக்குப் போயிட்டு வரச் செல்லுங்க. மாப்பிள்ளக்கிச் சோடா குடுங்க. நான் வாறன்."

போனில் பல குரல்கள் சண்டை போட்டன. மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், வாப்பாமார் இப்படிப் பிடிவாதம் பிடித்தால் எப்படி என்றார். பிறகு போன் கை மாறியது. ஒரு சின்னக் குரல்.

"வாப்பா."

மக்கீன் போனைக் காதோடு அழுத்தினார்.

"மெதுவா வாங்க வாப்பா. நாங்க இரிக்கம்."

றிஸ்னா வைத்துவிட்டாள். மக்கீன் வொஷிங் மெஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அட்டைப் பெட்டியில் எழுதியிருந்ததை அம்பாறை வரும் வரைக்கும் மிகக் கவனமாக வாசித்துக்கொண்டு வந்தார். அது சீன மொழியில் இருந்தது. றமீஸ் அதற்குப் பிறகு மூடியைப் பற்றிக் கதைக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பின்னால் நீட்டினான்.

பொழுது பட்டு மஃரிப் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில் வேன் சாய்ந்தமருது ஒழுங்கைக்குள் நுழைந்தது. அவர் இறங்கியபோது கால் இரண்டும் மரத்துப்போய் இருந்தன. விமானத்தில் போட்ட சட்டை, மடிந்த காற்சட்டை, தோடம்பழத் தாடி. இந்தக் கோலத்தைப் பார்த்து ஒரு சின்னப் பிள்ளை அழுதது. யாரோ ஒரு தொப்பியைத் தலையில் வைத்தார்கள். பதிவுகாரர் மருதமுனைச் சாப்பாட்டின் வாசத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். இன்னொரு சாப்பாடு காத்திருப்பதால் அவருக்குக் கோபம் இருக்கவில்லை.

மாப்பிள்ளை ஹாதிக்குக்கு முன்னால் மக்கீனை இருத்தினார்கள். மாலை முழுவதும் பட்டுச் சட்டைக்குள் வேர்த்துக்கொண்டிருந்த பெடியன். மக்கீன் அவனுடைய வலது கையைப் பிடித்தார். பதிவுகாரர் சொல்லிக் கொடுத்தார். மக்கீனுக்குச் சத்தம் வரவில்லை. பதிவுகாரர் திரும்பவும் சொல்லிக் கொடுத்தார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக. பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு மக்கீன் சொன்னார். மெதுவாக, ஒரு சொல்லையும் விடாமல், கடைசி வரைக்கும் சொன்னார். ஹாதிக் ஏற்றுக்கொண்டேன் என்றான்.

துஆ ஓதினார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டுகளில் சோறு வந்தது. பெரிய மாமா ஆறு பேருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். வீடியோக்காரன் மக்கீனுக்குக் கிட்ட வந்து, கமெரா கொஞ்சம் மங்கலாகிவிட்டது, இன்னொரு முறை சொல்லிக் காட்ட முடியுமா என்று கேட்டான். மக்கீன் அவனைப் பார்த்ததாகவே தெரியவில்லை. அவர் திரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் சாப்பிடத் தொடங்கிய பிறகு ஹாதிக் மெல்லக் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னான்:

"மாமா, கைய விடுங்களன். நான் இனி எங்கயும் போக மாட்டன்."